உரிமைக்கு வயதுண்டா?

புரோநோட்டுக்கு ஆயுள் மூன்றாண்டு என்பது நம் கடைவீதியில் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. மூன்றாண்டு முடியுமுன் கடன் பட்டவரைத் தேடிப் பிடித்து, நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு, சீட்டின் பின்புறம் அவர் கையாலேயே வரவு எழுதி ஒப்பம் பெற்றுவிட்டால் அதற்கு மறுபடியும் மூன்றாண்டு ஆயுள் பிறக்கிறது. அவ்வாறு செய்யத் தவறியவரைப் பார்த்து, "சீட்டுதான் காலாவதியாகிவிட்டதே, இனி என்ன செய்வீர்?" என்று கடன் பட்டவரே புன்னகையோடு கேட்பதையும் நாம் கண்டிருக்கிறோம். சீட்டு மாண்டது சரி. கடனும் அதனோடு மாண்டதா என்பதே நம் கேள்வி.

கச்சேரியில் வழங்கும் சொற்களுள் பல நம் மதரஸாவிலிருந்து போனவை. தாவா நம்முடையது; வக்கீல் நம்முடையது; வாய்தாவும் நம்முடையதே. வஃதா என்றால் அரபியில் வாக்குறுதி. அது கச்சேரிப் படியேறி வாய்தாவான பிறகு, வழக்கைத் தள்ளிப்போடும் நாளுக்குப் பெயராகிவிட்டது. படியேறும்போது செருப்பைக் கழற்றி வைப்பதுபோல் சில சொற்கள் தம் பொருளையும் வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போகின்றன போலும்! அப்படி வெளியே விடப்பட்ட சொற்களுள் ஒன்று ஹக்கு.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம், ஒப்பந்தம் மீறப்பட்டதற்கு இழப்பீடு கேட்க மூன்றாண்டு தருகிறது. வாங்கிய பொருளில் குறையிருந்தால் நுகர்வோர் ஆணையத்தின் முன் செல்ல இரண்டாண்டு. 1986-இல் முதல் நுகர்வோர் சட்டம் வந்தபோது இந்த வரம்பு அதில் இல்லை, 1993-இல் சேர்க்கப்பட்டது, 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அதுவே தொடர்கிறது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. அடுக்குமாடி வீடு கட்டி விற்போர், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை சுட்டிக்காட்டப்பட்டால் தம் செலவில் சீர் செய்து தரவேண்டுமென 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம் விதிக்கிறது. இவற்றுள் நம் மனத்தை உறுத்துவது காலவரம்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. காலம் கடந்த வழக்கை, எதிராளி அந்த வாதத்தை எழுப்பாவிட்டாலும், நீதிமன்றம் தானே தள்ளுபடி செய்தாக வேண்டும். அதாவது, எதிராளி வெட்கப்பட்டு வாய் மூடி நின்றாலும் சட்டம் அவருக்காகப் பேசிவிடுகிறது.

இது அநீதி என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட நாம் ஆயத்தமாக இல்லை. எல்லை வகுத்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். இருபதாண்டு கழித்து ஒருவர் வந்து, உம் பாட்டனார் என் பாட்டனாருக்கு விற்ற மாடு நொண்டி என்று வழக்காடினால் யார் சாட்சி சொல்வது? பார்த்தவர் மண்ணுக்குள் இருப்பார். பத்திரத்தைக் கரையான் தின்றிருக்கும். இருப்பவருக்கோ நினைவு மங்கியிருக்கும். மங்கிய நினைவு பொய்யைவிட ஆபத்தானது, ஏனெனில் அதை உடையவரே அதை மெய்யென்று நம்புவார். ஆகவே காலவரம்பு என்பது பொய் வழக்குக்கு எதிரான வேலி. அந்த வேலி சில வேளை மெய்யான உரிமையாளரையும் வெளியே நிறுத்திவிடுகிறது என்பதுதான் துயரம்.

எந்த நாளிலிருந்து காலத்தை எண்ணுவது? குறை பிறந்த நாளிலிருந்தா, அதை அறிந்த நாளிலிருந்தா? வெளிப்பார்வைக்குக் கணக்குப்பிள்ளையின் கேள்வி போலத் தோன்றும் இதில்தான் அறமே அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் பிரெல்லி கம்பெனியாரின் தொழிற்சாலைக்கு 1969-இல் ஏறத்தாழ 160 அடி உயரப் புகைபோக்கி ஒன்று எழுப்பப்பட்டது. அதை வடிவமைத்த பொறியாளர்கள் உட்பூச்சுக்குத் தேர்ந்த பொருள் அதற்கு ஏற்றதன்று. 1970-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே உச்சியில் விரிசல் கண்டுவிட்டது. ஆனால் அந்த உயரத்து விரிசலை யார் காண்பார்? எவ்வளவு கவனமுள்ளவராயினும் 1972-க்கு முன் கண்டிருக்க முடியாது என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. உரியவர்கள் கண்டது 1977-இல். வழக்குத் தொடுத்தது 1978-இல். சட்டம் தந்த தவணை ஆறாண்டு. விரிசல் விழுந்த நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிட்டது, ஆகவே வழக்குக் காலம் கடந்தது என்று 1982-ஆம் ஆண்டின் இறுதியில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தமக்கு ஓர் உரிமை இருக்கிறதென்று அறியக்கூடிய நிலைக்கு வருமுன்பே அவர்களுடைய தவணையில் ஈராண்டுக்கு மேல் கரைந்துவிட்டது. அறிந்தபோதோ தவணையே முடிந்திருந்தது! இத்தகைய விளைவைத் தரும் சட்டம் கடுமையானது, பொருந்தாதது என்று அத்தீர்ப்பில் பங்கேற்ற நீதிபதிகளுள் ஒருவரே வருந்தினார். வருந்தியும், சட்டம் அவ்வாறிருப்பதால் அவ்வாறே தீர்ப்பளித்தார்.

இதைப் படித்தபோது நமக்கு நாம் ஓதிய மின்ஹாஜின் நினைவு வந்தது. இமாம் நவவீ (ரஹ்) 1277-இல் மறைந்தவர்கள். விற்ற பொருளில் ஐபு இருக்கக் கண்டால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்னும் உரிமையை அந்நூலில் விளக்குமிடத்தில், உடனே திருப்ப வேண்டும், தாமதித்தால் உரிமை போய்விடும் என்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் விதி இது. ஆறாண்டுமில்லை, மூன்றாண்டுமில்லை, உடனே! நாம் மாணவராயிருந்தபோது இது மிகக் கடுமையாகத் தோன்றிற்று. ஆனால் அடுத்த வரியைப் பார்க்க வேண்டும். தொழுதுகொண்டிருக்கும்போது குறையை அறிந்தாரா, தொழுது முடிக்கட்டும். உண்டுகொண்டிருக்கும்போது அறிந்தாரா, உண்டு முடிக்கட்டும். இரவில் அறிந்தாரா, விடியட்டும். இவ்வளவு நெருக்கமாகக் காலத்தை அளக்கிறவர்கள், அதை எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்: அறிந்ததிலிருந்து. விற்ற நாளிலிருந்தன்று, குறை பிறந்த நாளிலிருந்துமன்று. அறியாதவனுக்குக் காலம் ஓடுவதில்லை. அறிந்தவனுக்கோ கையிலெடுத்த கவளம் வாய்க்குப் போகும் நேரம்தான் தவணை.

உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஹனஃபி மத்ஹபு இந்த அவசரத்தை வலியுறுத்துவதில்லை. குறையை அறிந்த பிறகு, அதை ஏற்றுக்கொண்டதாகக் காட்டும் செயல் எதையும் செய்யாதவரை உரிமை நிற்கும் என்பது அவர்கள் கூற்று. நொண்டி என்று தெரிந்த பிறகும் குதிரையில் தன் தேவைக்கு ஏறிச் சென்றால் உரிமை போயிற்று. ஏறாமல் கட்டி வைத்திருந்தால் போகவில்லை. இரு மத்ஹபுகளும் ஒரே செய்தியைத்தான் இரு வழியில் கேட்கின்றன: அறிந்த பிறகு நீ என்ன செய்தாய்?

இங்கிலாந்தும் பின்னர் இவ்வழிக்கு வந்தது. 1986-இல் வந்த மறைந்த சேதச் சட்டம், அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டு தந்தது. ஆயினும் கவனக்குறைவு நேர்ந்த நாளிலிருந்து பதினைந்தாண்டு கடந்தால் கதவு அடைபடும் என்றது. கதவு என்றேனும் அடைபடத்தான் வேண்டும் என்பதில் அந்நாட்டார் உறுதியாக இருந்தனர், 2017 ஜூன் 14 வரை. அன்று லண்டனில் கிரென்ஃபெல் என்னும் அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டனர். சுவர்மேல் போர்த்தியிருந்த தகடுகளே தீயைத் தூக்கிச் சென்றன. அதே வகைக் குறை எத்தனையோ கட்டடங்களில் இருப்பதும், அவற்றுள் பலவற்றுக்கு வழக்கிடும் காலம் என்றோ முடிந்துபோயிருப்பதும் அப்போதுதான் வெளிப்பட்டன. 2022-ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், குடியிருக்கத் தகுதியற்ற வீடு கட்டியோர் மீதான பழைய உரிமைகளுக்கு ஆறாண்டாக இருந்த தவணையை முப்பதாண்டாக்கிப் பின்னோக்கி நீட்டியது. அடைபட்ட கதவைச் சட்டமே வந்து திறந்தது. காலவரம்பு என்பது இயற்கை வகுத்த கோடன்று, மனிதர் தம் வசதிக்குக் கிழித்த கோடுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம்மவர்களும் கோடு கிழித்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. உஸ்மானிய ஆட்சியில், தக்க காரணமின்றிப் பதினைந்தாண்டு கேளாதிருந்த தாவாவைக் காழிமார் விசாரிக்கலாகாது என்று சுல்தானின் ஆணை இருந்தது. 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டநூலும் அதை ஏற்றது; சிறுவர், சித்தம் கலங்கியவர், தொலைவில் பயணம் போனவர், வலியவனுக்கு அஞ்சியவர் ஆகியோருக்கு விலக்கும் தந்தது. ஆனால் அதே நூல், காலம் கடப்பதால் உரிமை அழிவதில்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது. காழியின் முன் எதிராளி, ஆம், இவருடைய உரிமை என்னிடம் உள்ளது என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டால், எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும் அவர்மீது தீர்ப்பளிக்கப்படும். 1836-இல் மறைந்த திமஷ்க் நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களும், தடை காழியின் செவிக்கே அன்றி உரிமைக்கு அன்று என்றே விளக்கியிருக்கிறார்கள். எகிப்தின் 1948-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம் மேனாட்டுச் சாயலில் எழுதப்பட்டதேனும், காலம் கடந்த கடன் கடனாளியின் பொறுப்பில் இயற்கைக் கடமையாக எஞ்சி நிற்கிறது என்று கூறும். கட்டடம் கட்டிய பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் பத்தாண்டுக்குப் பொறுப்பு என்று விதித்த அச்சட்டம், இடிபாட்டுக்குக் காரணம் நிலத்திலேயே உள்ள குறையானாலும் அப்பொறுப்பு நீங்காது என்று சேர்த்திருப்பதை நாம் இங்கே குறித்து வைக்கிறோம். காரணம் பின்னால் விளங்கும்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த நுட்பத்தை அறியாததன்று. நிலத்தின் உடைமையைப் பொறுத்தமட்டில் தவணை முடிந்தால் உரிமையே அழியும் என்கிறது. (வக்பு நிலங்களுக்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருந்த விலக்கை 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது; அது தனியே எழுத வேண்டிய பொருள்.) கடன் வகையில் அப்படியன்று. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று ஒருவர் எழுதி ஒப்பமிட்டால் அந்த வாக்கு செல்லும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. மாண்ட கடனுக்கு எப்படி வாக்குக் கொடுப்பது? மாளவில்லை, தூங்குகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாமும் மனிதரே என்றும், வழக்கிடுவோருள் ஒருவர் மற்றவரைவிட நாவன்மை மிக்கவராக இருத்தல் கூடும் என்றும், கேட்டதைக் கொண்டு தாம் ஒருவருக்கு அவருடைய சகோதரரின் உரிமையை அளித்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டு என்றும் எச்சரித்திருக்கிறார்கள். நபியின் தீர்ப்பே ஒருவருக்கு உரியதல்லாததை உரியதாக்காது என்றால், ஒரு நாட்காட்டியா ஆக்கிவிடும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. உரிமையுடையவருக்கும் கடமை இருக்கிறது. கேட்க வேண்டிய காலத்தில் கேளாதிருந்து, எதிராளி எல்லாம் முடிந்தது என்று நம்பித் தன் வாழ்வை அமைத்துக்கொண்ட பிறகு வந்து நிற்பது அழகன்று. ஆனால் கேளாதிருப்பவரெல்லாம் தூங்குபவர் அல்லர். அண்ணனிடம் பாகம் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடுமே என்று அஞ்சி முப்பதாண்டு வாய் மூடியிருக்கும் சகோதரிகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அந்த மௌனத்துக்கு உறக்கம் என்று பெயரிடுவது எவ்வளவு வசதி!

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். அதைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருந்ததும் ஒருவகைத் தாமதம்தான்.

2012-இல் நம் பூர்வீக வீட்டை விற்றோம். வாங்கியவர் அதே தெருவினர், நம்மினும் மூத்தவர், நாம் அவரை நானா என்று அழைப்பது வழக்கம். பல்லாண்டு சபரில் உழைத்துச் சேர்த்த பணம். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தார். முப்பதாண்டில் ஒரு வில்லங்கமுமில்லை. அடுக்களைக்குக் கீழே தூர்த்த கிணறு ஒன்று இருந்தது சான்றிதழில் வராது. தெருவுக்குக் குழாய் வந்தபோது நம் தகப்பனார் அதை மணலும் செங்கல் உடைசலும் போட்டு மூடி, மேலே அடுக்களையை நீட்டிக் கட்டினார்கள். அப்போது நமக்குப் பத்து வயதிருக்கும். உடைசல் சுமந்து கொட்டியவர்களுள் நாமும் ஒருவர். நானா கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை. நாற்பதாண்டாக இறங்காத தரை இனியா இறங்கப் போகிறது என்று எண்ணிக்கொண்டோம்.

2016-இல் அல்லாஹ் நமக்கு ஹஜ்ஜை நாடினான். புறப்படுமுன் வழக்கப்படி வீடு வீடாகச் சென்று, ஏதேனும் ஹக்கு இருந்தால் ஹலாலாக்கிக் கொடுங்கள் என்று கேட்டோம். நானா நம் கைகளைப் பற்றிக்கொண்டு, "எல்லாம் ஹலால் ஹஜ்ரத், எனக்காக துஆ செய்யுங்கள்" என்றார்.

2022-இல், மழைக்காலத்தில், அடுக்களைத் தரை ஒரு முழத்துக்கு இறங்கிற்று. மேற்குச் சுவர் பிளந்தது. அடுப்பருகில் அப்போது யாருமில்லை.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வக்கீலாக இருக்கிறார். யாருடைய வழக்கென்று சொல்லாமல் கேட்டோம், அவர் புரிந்துகொண்டார். "விற்றுப் பத்தாண்டாயிற்று ஹஜ்ரத், மூன்றாண்டு எப்போதோ முடிந்துவிட்டது" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "ஆனால் வாங்குபவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் அறிந்திருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. சொல்லாமல் விட்டால் அது மோசடிக்குச் சமம். மோசடியால் மறைக்கப்பட்டிருந்தால், அதைக் கண்டறிந்த நாளிலிருந்துதான் காலம் ஓடும். ஆனால் விற்றவருக்குத் தெரியும் என்பதற்கு யார் சாட்சி?" என்றார்.

யாருமில்லை. தகப்பனார் மௌத்தாகி இருபதாண்டுக்கு மேலாகிறது. கிணறு தூர்த்த கூலியாட்களும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கிணற்றுக்கு இவ்வுலகில் எஞ்சிய சாட்சி நாம் ஒருவரே. நாம் வாய் மூடியிருந்தால் காலம் என்றோ முடிந்துபோயிற்று. வாய் திறந்தால் அன்றுதான் தொடங்குகிறது. சட்டத்தின் கடிகாரச் சாவி நம் நாவில் இருந்தது.

ஹலாலாக்கிவிட்டாரே என்று நம் நெஞ்சு ஒரு வழி சொல்லிப் பார்த்தது. நெஞ்சைப்போல் கெட்டிக்கார வக்கீல் எந்தக் கச்சேரியிலும் இல்லை. இன்னதென்று அறியாததை மன்னிப்பது செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபு என்று நமக்கு எடுத்துக் கொடுத்ததும் அதுவே. ஐம்பது வயதுக்குமேல், ஒரு கிணற்றுக்காக மத்ஹபு மாறலாமா என்று ஓர் இரவு முழுதும் யோசித்தோம் என்பதை வாசகர்களிடம் மறைக்க விரும்பவில்லை. நம் மத்ஹபில், அறியாததிலிருந்து விடுவிப்பது செல்லாது. இதையும் மின்ஹாஜில் நாமே ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம்.

சுப்ஹு தொழுத பின் நானாவின் வீட்டுக்குப் போனோம். விடியட்டும் என்று கிதாபு தந்த சலுகை பத்தாண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது; அது வாங்கியவருக்குத் தந்த சலுகையேயன்றி விற்றவருக்குத் தந்ததன்று என்பதும் வழியில் நினைவுக்கு வந்தது. திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். கிணற்றின் அகலம், ஆழம், அதில் கொட்டியது, நாம் சுமந்தது எல்லாம். குறையில்லாத வீட்டுக்கும் குறையுள்ள வீட்டுக்கும் இடையே உள்ள விலை வேறுபாட்டைத் தந்துவிடுகிறோம், ஒரே தொகையாகத் தர வசதியில்லை, தவணையாகத் தருகிறோம், இதை எழுதி ஒப்பமிட்டும் தருகிறோம் என்றோம்.

நானா நெடுநேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து வந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அவர் விலையைப் பற்றிக் கேட்கவில்லை. தவணையைப் பற்றியும் கேட்கவில்லை.

"ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது வந்து கேட்டீர்களே ஹஜ்ரத், அப்போது இந்தக் கிணறு உங்கள் நினைவில் இருந்ததா?" என்று கேட்டார்.

இருந்தது என்றோம்.

அவர் எழுந்து, மகனை அழைத்து, கொத்தனாரைக் கூட்டி வரச் சொன்னார்.